எந்த ஈயம் என்று நான் எழுதவில்லை

1943 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, மோர் விட்டு. கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அம்பத்தூர் ஏரிக்கரையில் இருந்தேன். உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் அளவுக்கல்லில் நீர்மட்டம் நான்கு அடி இரண்டு அங்குலம். முந்தின நாளைவிட அரை அங்குலம் குறைவு. மழை இல்லை. தெற்கு மடை மட்டும் கால்பங்கு திறந்திருந்தது. ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்கு அலுவலகம். மதியம் கட்டிக்கொண்டு போன சோறு: முருங்கைக்கீரைப் பொரியல், மோர். நான்கு மணிக்கு வீடு.

ஏரியின் மட்டம் குறிப்பது என் உத்தியோகம். பொதுப்பணித் துறைப் புத்தகத்தில் அதை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து என் சொந்த டைரியில் மற்றவற்றை எழுதுவேன்: என்ன சாப்பிட்டேன், யாருக்கு உடம்பு எப்படி, யார் வந்து போனார்கள், எத்தனை மணிக்கு. அப்போது இருபத்தோரு வருடப் பழக்கம். அந்த ஆகஸ்ட் மாதப் பக்கங்கள் இப்போதும் என் முன்னால் இருக்கின்றன. ஒரே வியாழக்கிழமைக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு பக்கங்களில் கையெழுத்து என்னுடையது போலவே இல்லை. அவ்வளவு அவசரம், அவ்வளவு பரபரப்பு.

என் மனைவிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஜூன் மாதம் முதல் அவளுக்கு வயிற்றுவலி. இழுத்துப் பிடித்து முறுக்குவது போல வரும். தொப்புளைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தரையில் குனிந்து உட்கார்ந்துவிடுவாள். மலச்சிக்கல். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. ஸ்டேஷன் சாலையில் வைத்தியசாலை வைத்திருந்த டாக்டர் பொடியும் மிக்ஸ்சரும் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. பட்டணத்தில் அறுவை வைத்தியம் செய்கிற ஒருவரிடம் அனுப்பினார். அவர் குடல்வாலாக இருக்கலாம், திறந்து பார்த்துவிடுவோம் என்றார். ஆகஸ்ட் 23, திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வயிற்றைத் திறந்தால் திரும்பி வரமாட்டேன் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் எனக்கு மிளகாய்த்தூள் டப்பா எங்கே, புளிப்பானை எங்கே, பால்காரிக்கு எந்தச் செம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை என்னைச் சோறு வடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். குழைந்துவிட்டது. "பரவால்ல, பழகிக்குவீங்க" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று எழுத ஓடவில்லை. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நீர்மட்டம் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் மூன்றாவது ஆள் அவள் தம்பி, என் மச்சான். முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், நல்ல தீனி. ஆவடியில் யுத்தத்துக்காகப் போட்டிருந்த ராணுவப் பணிமனையில் பாட்டரி ஷாப்பில் வேலை. லாரிகளின் பழைய பாட்டரிகளைப் பிரித்து, தகடுகளை எடுத்து, உருக்கி, மறுபடி வார்க்கிற இடம். அவன் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் மார்ச் முதல் எங்களோடு தங்கியிருந்தான். எங்கள் இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இடம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவன் ரயிலிலிருந்து இறங்கி வந்தான். வழக்கம் போல ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் கடித்த கொய்யாக்காய். வாசலிலேயே சத்தம்.

"மாமா, இன்னிக்கி எங்க ஷாப்ல எல்லாருக்கும் பல்லு பரீட்ச. நான் பாஸூ!"

"பல்லுக்கு என்னடா பரீட்சை?"

"பல்லுக்கு இல்ல மாமா, ஈறுக்கு. புண்ணுக்கு மருந்து கட்டுற டிரெஸ்ஸரு வந்து எல்லாத்தியும் வரிசையா நிக்க வச்சி, ஒதட்ட மேல தூக்கித் தூக்கிப் பாக்குறாரு. மாட்டுச் சந்தையில பாக்குற மாரி. ஈயம் ஒடம்புல ஏறிகினு இருந்தா ஈறுல நீலமா ஒரு கோடு வுழுமாம். நாலு பேருக்குக் கோடு கீது. நாலு பேரையும் வேற ஷாப்புக்குத் தள்ளிட்டாங்க. வவுத்துவலி, மலங்கட்டிக்கினு ஒரே பேஜாரு அவுங்களுக்கு. எனக்கு ஒண்ணியும் இல்ல. 'யோவ், நீ இன்னாய்யா துன்றே?'ன்னு டிரெஸ்ஸரே கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளத சொன்னேன். காலீல கேவுரு களி நாலு உருண்ட, முருங்கக்கீர ஒரு சட்டி, மத்தியானம் கொய்யாக்கா. ஈயம் என் வவுத்தப் பாத்தாலே பயந்து ஓடிப்பூடும்னு சொன்னேன்."

சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்த என் மனைவி சொன்னாள்: "அத்தினி களி துன்னா எருமமாட்டுக்கே ஈறு வெளுத்துப்பூடும்டா."

"நீ பாரேன்க்கா. பாத்துட்டுப் பேசு." அவன் உதட்டை இரண்டு விரலால் மூக்குவரை தூக்கி, கண்ணை உருட்டி, அவள் முகத்துக்கு நேரே போய் நின்றான். "இன்னா, கோடு கீதா? கீதா?"

அவள் சிரித்துவிட்டாள். பத்து நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து சிரித்தாள். மேற்குப் பக்கம் கதவு திறந்திருந்தது. வெயில் நேரே அவள் முகத்தில் விழுந்தது. நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன். மேல்வரிசைப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், என் பேனா முள்ளால் இழுத்தது போல, கருநீலத்தில் ஒரு மெல்லிய கோடு.

அவள் வெற்றிலை போடுகிறவள் அல்ல. நான் எழுந்தேன்.

"அப்படியே இரு. வாயை மூடாதே."

"இன்னாங்க, சிரிச்சது ஒரு தப்பா?"

"நீ கொஞ்சம் உதட்டைத் தூக்கு."

"அவன் பண்றது போதாதா, நீங்க வேறயா?" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிக் காட்டினாள். கீழ் ஈறிலும் கோடு இருந்தது, முன்பல் நான்குக்கும். அவள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது.

"மாமா, இதேதான். அந்த நாலு பேருக்கும் இதே மாரிதான் கீது. ஆனா அக்கா ஷாப்பு பக்கம் தலகூட வச்சிப் படுக்கலியே!"

எனக்கு இரண்டு மாதமாகப் பூட்டியிருந்த கதவின் சாவி கையில் தட்டுப்பட்டது போன்ற ஒரு துள்ளல். வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளுப்பு, கோடு. ஆவடியில் நான்கு பேருக்கு இருந்தது அத்தனையும் இவளுக்கு இருக்கிறது. அப்படியானால் இது குடல்வால் இல்லை. ஈயம். ஆனால் எந்த வழியாக?

முதலில் அவன் துணிமணி மேல் சந்தேகப்பட்டேன், துவைக்கிறவள் அவள்தானே. கேட்டேன். வேலைச் சட்டை பணிமனையிலேயே மாட்டி வைக்க வேண்டும், கேட்டுக்கு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள் என்றான். கைகால் கழுவாமல் வெளியே விடுவதும் இல்லையாம். அது இல்லை.

டைரியை எடுத்தேன். ஆகஸ்டிலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். அவளுக்கு முதல் வலி வந்தது ஜூன் 11, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. அதற்கு முன்னால் என்ன புதிதாக வந்தது வீட்டுக்குள்? ஜூன் 2ஆம் தேதியில் நின்றேன். "இரவு ரசம் நன்றாக இருந்தது, சிறிது தித்திப்பு. வெல்லம் போட்டாயா என்று மச்சான் கேட்டான். போடவில்லை என்றாள்." அதைச் சத்தமாகப் படித்தேன்.

"ஆமா, இப்பவும் தித்திக்கத்தான் தித்திக்குது" என்றாள் அவள். "எனக்கு வாயே அப்படித்தான் கீது. தித்திப்பும் கசப்புமா."

இன்னும் பின்னால் போனேன். மே 9, ஞாயிறு. "பாத்திரங்களுக்கு ஈயம் பூசப்பட்டது: ரசக் குண்டான் 1, குழம்புச் சட்டி 1, சோற்றுத் தவலை 1. ஈயம் நம்முடையது."

அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். நீர்மட்டத்தை அரை அங்குலம் பிசகாமல் எழுதுகிறவன், எந்த ஈயம் என்று எழுதவில்லை.

நம் வீடுகளில் அந்த ஒரு சொல்தான் இரண்டுக்கும். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்று உள்ளே வெள்ளையாகப் பூசுகிறோமே, அது வெள்ளீயம். வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு கட்டுகிறோமே, அது காரீயம். பெயர் சொல்லும்போது இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்லுவோம். அதில் ஒரு கெடுதலும் இதுவரை வந்ததில்லை. ஏனென்றால் பூசுகிறவன் வெள்ளீயத்தை அவனே கொண்டுவருவான். அந்த வருடம்தான் அவன் கையில் இல்லை. மலாயா ஜப்பானியர் வசம் போன பிறகு வெள்ளீயம் கப்பலில் வருவது நின்றுவிட்டது. ஏப்ரலில் அவன் ஈயம் இல்லை என்று கைவிரித்தான். என் மனைவி தம்பியிடம் சொல்லி அங்கலாய்த்தாள். தம்பி, "ஈயந்தானேக்கா? எங்க ஷாப்ல குப்ப மாரி கெடக்குது" என்றான். கூட்டித் தள்ளும் கழிவிலிருந்து மேஸ்திரியைக் கேட்டு ஒரு கட்டி எடுத்துவந்தான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், அதனால்தான் "நம்முடையது" என்று பெருமையாக எழுதியிருக்கிறேன்.

"டேய், பாட்டரியில இருக்கிறது எந்த ஈயம்?"

"ஈயந்தான் மாமா."

"அதுதான், எந்த ஈயம்?"

அவன் மெதுவாக, "காரீயம்" என்றான். கையிலிருந்த கொய்யாக்காய் கீழே விழுந்தது. "ஐயையோ அக்கா. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். நானே என் கையால..."

"அழுவாத, அப்புறம் அழுவலாம்" என்றாள் என் மனைவி. "இன்னா பாக்கணுமோ அத்தப் பாருங்க மொதல்ல."

அந்தக் கட்டியில் கொஞ்சம் உடைத்து, தூண்டிலுக்கென்று அவன் எடுத்து வைத்திருந்தான். அதை வாங்கி, டைரியின் கடைசித் தாளைக் கிழித்து அதில் இழுத்தேன். பென்சில் மாதிரி சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. ரசக் குண்டானைக் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்து உள்பக்கம் அழுத்தித் தேய்த்தேன். தாள் சாம்பலாகியது. எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் கொடுத்த ஈயச் சொம்பு பரணில் இருந்தது, அது வெள்ளீயம். இன்னொரு தாளால் அதே போலத் தேய்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. மூன்று தாள்களையும் வரிசையாகத் தரையில் வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மணி ஆறு பத்து.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் அதே நிமிடம் எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. அந்த ரசத்தை மூன்று பேரும்தானே மூன்று மாதமாகக் குடிக்கிறோம்? இவனோ அதற்கு மேல் பகல் முழுவதும் காரீயத்தோடு கிடக்கிறான். அவளுடைய கண்ணாடியில் என் ஈறைப் பார்த்தேன், கோடு இல்லை. ஜூலையில் இரண்டு நாள் வயிறு இறுக்கம் என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அவனுக்கு ஒன்றுமே இல்லை. பட்டணத்து டாக்டரும் இதைத்தான் சொன்னார்: வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆகையால் சாப்பாடு காரணம் இல்லை.

தாளில் மூன்று பத்தி போட்டேன். என் சாப்பாடு, அவன் சாப்பாடு, அவள் சாப்பாடு. என்னுடையதை டைரியிலிருந்து அப்படியே எடுத்தேன்: காலை கேழ்வரகுக் கஞ்சி, மோர், மதியம் வாரத்தில் ஐந்து நாள் கீரை, இரவு ரசம், இறக்கின சூட்டில் கடைசியாக ஒரு கரண்டி. அவனுடையது அவனே சொன்னது போல, களியும் கீரையும் கொய்யாவும். அவனுக்கும் ரசம் கடைசியில்தான், வயிறு நிறைந்த பிறகு. மூன்றாவது பத்திக்கு வந்தேன். டைரியில் மே முதல் ஆகஸ்ட் வரை அவள் சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வாசகம்தான் திரும்பத் திரும்ப இருந்தது: "அவளும் சாப்பிட்டாள்."

என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நாளும் நான் எழுதவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

"காலையில நீ என்ன சாப்பிடுவே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இருவத்திமூணு வருசம் கழிச்சி இன்னா புதுசா கேக்குறீங்க?"

"சொல்லு. எழுதணும்."

"ராத்திரி ரசம் மீந்து கெடக்குமில்ல, குண்டான்லியே. அத்தப் பழையதுல ஊத்திக்குவேன்."

"எத்தனை மணிக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் போயி, ஊடு பெருக்கி, தண்ணி எடுத்து... பத்து மணி ஆவும்."

"அதுவரைக்கும்?"

"வெறும் வவுறுதான்."

"களி?"

"களி எனக்கு ரொம்பப் புடிக்கும். இந்தக் கடோத்கஜன் மிச்சம் வச்சாத்தானே?"

"கீரை?"

"ரெண்டு ஆம்பளைங்களுக்குப் பரிமாறனப்புறம் சட்டியில இன்னா இருக்கும்? தண்ணிதான் இருக்கும்."

தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் எழுதிக்கொண்டே கேட்டேன். ஆடி மாதம் செவ்வாயும் வெள்ளியும் பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்து முதல் வாய் அந்த ரசம். வலி அதிகமாக வந்த தேதிகளைப் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் செவ்வாய் இரவு, வெள்ளி இரவு, அல்லது மறுநாள். கேழ்வரகு, கீரை, பழம் மூன்றும் இல்லாத ஒரே ஆள் அவள். புளி ஊறி ஊறிப் பூச்சைக் கரைத்து ராத்திரி முழுவதும் நின்ற ரசத்தை, காலி வயிற்றில் ஊற்றிக்கொண்ட ஒரே ஆளும் அவள். மூன்று பத்திகளும் என் கண் முன்னால் பேசின. "கிடைச்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் விளக்கைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஆறே முக்காலுக்கு மூன்று பேரும் கிளம்பினோம். நான் டைரியும் தாள்களும். தம்பி ரசக் குண்டான். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனாலும் எங்களுக்கு முன்னால். ஸ்டேஷன் சாலையில் ஈயம் பூசுகிறவன் துருத்தியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். குண்டானைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா சாமி, பூச்சு பூட்ச்சா?"

"நீ மே மாசம் எங்களுக்குப் பூசினியே, அது என்ன ஈயம்?"

"நீங்க குடுத்ததுதானே? கறுப்பா இருந்திச்சி. நம்மகிட்ட இருந்த வெள்ளீயம் ஒரு துளி போட்டுத் தேத்திப் பூசினேன்."

"கறுப்புன்னு தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"நல்லா கேட்டீங்க! நீங்க படிச்சவரு, சர்க்காரு உத்தியோகம். ஈயம்னு எடுத்துக் குடுத்தீங்க. நான் 'சாமி, இது ஈயமில்ல'ன்னா ஒத்துக்குவீங்களா?"

மிச்சக் கட்டியை வேறு யார் வீட்டுக்காவது பூசினானா என்று மட்டும் கேட்டேன். எங்கள் மூன்று பாத்திரத்துக்கே சரியாகப் போய்விட்டது என்றான். கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியமும் செய்தான். "இனிமே யாரு குடுத்தாலும் தாள்ல இழுத்துப் பாரு" என்று அந்தச் சாம்பல் கோட்டைக் காட்டினேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர், அளந்து பேசுகிறவர். நான் ஒரே மூச்சில் கொட்டியதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு அவள் ஈறைப் பார்த்தார். ஈயத்தால் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தச் சொன்னார். குண்டானுக்குள் விரலால் தடவினார். டைரியை வாங்கி ஜூன் 11 முதல் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"காரீய நஞ்சுதான்," என்றார். "நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். ஈறைத் தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டிலேயே இருக்கிற அம்மாவுக்கு எங்கிருந்து ஈயம் வரப்போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா."

"அப்போ திங்கக்கிழம?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"கத்தி வேண்டாம் அம்மா. நான் கடிதம் கொடுக்கிறேன். போய் ரத்தம் பரிசோதித்துக்கொண்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்."

அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தம்பி குண்டானை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றுகொண்டே இருந்தான்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மூன்று பத்தித் தாளை டாக்டர் மேஜையில் விரித்தேன். "அப்படியானால் களியும் கீரையும் தின்றால் ஈயம் ஒன்றும் செய்யாது என்று எழுதிக்கொள்ளலாமா?"

"அவசரப்படாதீர்கள்," என்று அவர் சிரித்தார். "கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. ஈயம் உடம்புக்குள் நுழைவதும் சுண்ணாம்பு நுழைகிற வழியில்தான். வழியெல்லாம் சுண்ணாம்பு நெரிசலாக நின்றால் ஈயத்துக்கு இடம் குறையும். வெறும் வயிறு என்றால் தாராளமாக ஏறும். இது ஒரு பங்கு உண்மை. உங்கள் மச்சான் கை கழுவிவிட்டுத்தான் கொய்யா கடிக்கிறார்; அது இன்னொரு பங்கு. அம்மா மட்டும் இரவெல்லாம் நின்ற ரசத்தைச் சாப்பிட்டிருக்கிறார். அது பெரிய பங்கு. மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கீரையை நம்பி இந்தக் குண்டானில் இன்னொரு நாள் ரசம் வைத்தால், உங்கள் மூன்று பேர் ஈறிலும் நான் கோடு பார்ப்பேன்."

"கேட்டியாடா?" என்றேன் மச்சானிடம். "ஈயம் உன் வயித்தைப் பார்த்து ஓடலையாம்."

"நெரிசல்ல நொழைய முடியலன்னு டாக்டரே சொல்றாரு மாமா. அதுவே போதும்" என்றான் அவன். முந்தானைக்குள்ளிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

டாக்டர் சொன்னதை அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன். பாத்திரங்களை உடனே நிறுத்த வேண்டும். மண்சட்டியில் சமைக்க வேண்டும். வலிக்குச் சுண்ணாம்புச் சத்து ஊசி அப்போதே ஒன்று போட்டார். இன்னும் சில நாள் போட வேண்டும். தினம் கேழ்வரகு, கீரை, பழம், மோர், நேரத்துக்குச் சாப்பாடு, விரதம் இப்போது கூடாது. கோடு மறைய மாதக்கணக்கில் ஆகும், வலி அதற்கு முன்னால் குறையும் என்றார். திரும்பும் வழியில் கடைத்தெருவில் சட்டி இரண்டும் பானை ஒன்றும் வாங்கினோம். அவற்றை யார் தூக்குவது என்று அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள், ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. காலை நான்கரைக்கு எழுந்து, ஏரிக்குப் போவதற்கு முன்னால், முதல் வேலையாகக் கொல்லை முருங்கையில் நான்கு கொத்துக் கீரை ஒடித்தேன். மச்சான் புதுச் சட்டியில் களி கிண்டினான். ஐந்தே காலுக்கு அவளை உட்கார வைத்து, இலை போட்டு, முதல் உருண்டையை வைத்தேன். விண்டு வாயில் போட்டு, "கட்டி கட்டியா கீது, உப்பும் இல்ல" என்றாள். இரண்டு உருண்டை சாப்பிட்டாள். கீரை ஒரு கிண்ணம். நேரம் ஐந்து முப்பத்திரண்டு. அவள் கை கழுவிய பிறகுதான் நாங்கள் உட்கார்ந்தோம்.